மாதிரியாருக்கு இரண்டு நிமிட மௌனம்

"பிறக்கவே பிறக்காத ஒருத்தர் செத்துப்போனார். அவருக்காக ஒரு ஆஸ்பத்திரியே எழுந்து நின்னு ரெண்டு நிமிஷம் மௌனமா இருந்துச்சு. அவருக்குப் போட வேண்டிய மாவுக்கட்டை வாங்கிக்கிட்டது இந்தக் கை. அவரோட உடைமைகளைக் கையெழுத்து போட்டு வாங்கிட்டு வந்தது, இதோ உக்காந்திருக்காரே, எங்க மச்சான்."

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற ரயில் நிலைய அறிவிப்பாளர். காலை நடைக்கு வரும் கூட்டம் அது. நடந்த தூரத்தைவிடப் பேசித் தீர்த்த தூரம் அதிகம். எல்லோரும் சிரிக்க வாயைத் திறந்துவிட்டு, வழக்கம்போல மச்சானின் முகத்தைப் பார்த்தார்கள்.

மச்சான் என்றால் அறிவிப்பாளருடைய மனைவியின் அண்ணன். எடையளவு ஆய்வாளராக முப்பத்திநான்கு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர், ஓய்வுக்குப் பிறகு அதையே இலவசமாகச் செய்துவந்தார். மழை பெய்கிறது என்று யாராவது சொன்னால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பார். அதன் பிறகும், "மாடியில தண்ணி ஊத்தறாங்களோ என்னவோ" என்பார். அப்பேர்ப்பட்டவர் இன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அறிவிப்பாளர் அதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தார்.

நடந்தது இதுதான்.

அறிவிப்பாளரின் மனைவிக்குக் கழுத்தின் இடப்பக்கம் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி வந்தது. தெருமுனையில் இரண்டு மாடியில் நான்கு டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "ஒரு வாரத்துல ரிசல்ட் வந்துரும்" என்றார்கள். சொன்னபடி ஒரு வாரத்தில் வந்தது. வந்து, வரவேற்பு மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் படுத்துக்கொண்டது. ஒட்டிய உறை. மேலே நீல மையில் மனைவியின் பெயர். அறிவிப்பாளர் அதைத் தன் கண்ணால் பார்த்தார்.

"எடுத்துக் கொடும்மா" என்றார்.

வரவேற்பில் இருந்தவருக்கு டோக்கன் அக்கா என்று பெயர். பதினெட்டு வருஷமாக அந்த மேஜையில் டோக்கன் கொடுப்பவர். இழுப்பறையை மெதுவாக மூடினார்.

"கையில கொடுக்கக் கூடாது சார். போன வாரம் சுற்றறிக்கை வந்துருச்சு. இனிமே ரிசல்ட் எல்லாம் ஆன்லைன் போர்ட்டல்லதான் பாக்கணும்."

"சரி, போர்ட்டல் எங்க இருக்கு?"

"இன்னும் வாங்கல சார். எதை வாங்கறதுன்னு குழு போட்டிருக்காங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் போன்ல கேக்கலாம்னு இருந்துச்சு. போர்ட்டல் வந்தா யாரும் போன் பண்ண மாட்டாங்கன்னு போனை முன்கூட்டியே கழட்டிட்டாங்க."

சுவரில் போன் இருந்த இடத்தில் சதுரமாக வெள்ளை தெரிந்தது.

அறிவிப்பாளர் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். பெரிய டாக்டர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அந்த நேரத்தில் கண் மட்டும் செல்போனில் இருக்கும்.

"நீங்க கோபப்படறது எனக்குப் புரியுது. நோயாளிதான் எங்களுக்கு மையம். அந்த மையத்தைத் தொந்தரவு பண்ணாம அதைச் சுத்தி வேலை பாக்கறதுதான் எங்க கொள்கை. உங்களை மாதிரி குறை சொல்றவங்கதான் எங்களுக்கு வேணும். குழுவில நோயாளிப் பிரதிநிதி இடம் காலியா இருக்கு. வந்து உக்காருங்க. உள்ள உக்காந்துட்டா அப்புறம் வெளிய நின்னு குறை சொல்ல வேண்டியிருக்காது பாருங்க."

"டாக்டர், ரிசல்ட்ல ஏதாவது மோசமா இருந்தா?"

"கவலையே படாதீங்க. மோசமா இருந்தா போர்ட்டல்ல சிவப்பா காட்டும்."

"போர்ட்டல்தான் இல்லையே?"

"சிவப்பும் வரலையே" என்றார் பெரிய டாக்டர், ஆறுதலாக.

அறிவிப்பாளர் வீட்டுக்கு நடந்தார். முப்பத்தோரு வருஷம், ஒலிபெருக்கியில், தேனைத் தடவிய குரலில் 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று ஒரு லட்சம் தடவையாவது சொல்லியிருப்பார். ஒரு தடவைகூட வருந்தியதில்லை. அந்தப் பயணிகள் எல்லோரும் இப்போது எங்கேயோ உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு தன்னை வேடிக்கை பார்ப்பதாக அவருக்குத் தோன்றியது.

வீட்டில் மனைவி அவரைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அதன் பக்கத்தில் அவரை அண்ட விட்டதில்லை.

"இது சோப்புத்தூள் போடற இடம். வெள்ளைத் துணிய கலரோட போடாதீங்க. இந்தக் குமிழை ரெண்டு தடவை திருப்பணும்."

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சு வெச்சுக்கங்க" என்றார் மனைவி. ரிசல்ட் வந்ததா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாளே அறிவிப்பாளர் குழுவில் சேர்ந்தார்.

குழுவில் பெரிய டாக்டர் தலைவர். எல்லாக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கினார், ஒன்றையும் கவனிக்கவில்லை. எலும்பு டாக்டர், தோல் டாக்டர், பெண்கள் டாக்டர் என்று மூவர். நிர்வாகி ஒருவர். குறிப்பெழுத டோக்கன் அக்கா. போர்ட்டல் விற்க மூன்று கம்பெனிகள் ஆள் அனுப்பியிருந்தன. ஒருவர் நீலச் சட்டை, ஒருவர் பச்சைச் சட்டை, மூன்றாமவர் கழுத்தில் டை. மூன்று பேரும் ஒரே சிரிப்பைச் சிரித்தார்கள்.

நிர்வாகி மதிப்பெண் தாளை விநியோகித்தார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். 'மருத்துவமனையின் சின்னம் திரையின் நடுவில் வருமா?' பத்து மதிப்பெண். 'சின்னம் சுழலுமா?' மேலும் ஐந்து. 'நோயாளி தன் ரிசல்ட்டைப் பார்க்க முடியுமா?' என்பது நூற்று எண்பத்தேழாவது கேள்வி. அதற்கு அரை மதிப்பெண்.

"அரைதானா?" என்றார் அறிவிப்பாளர்.

"போன வரைவுல அது இல்லவே இல்ல. நீங்க வர்றீங்கன்னுதான் சேத்தோம்" என்றார் நிர்வாகி.

போர்ட்டலைச் சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி வேண்டும். நிஜ நோயாளியின் விவரங்களைக் கொடுக்கக் கூடாது, அந்தரங்கம். ஆகவே ஒரு மாதிரி நோயாளியை உருவாக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். எந்தப் பிரிவுக்கும் பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதால் மருத்துவமனைக்கு வரும் எல்லா நோயாளிகளையும் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்தார் நிர்வாகி. அதன்படி மாதிரி நோயாளிக்கு வயது நாற்பத்தொன்று. பற்கள் இருபத்தாறு. நூற்றுக்கு மூன்று பங்கு கர்ப்பம்.

"மூணு பங்குன்னா ஆரம்ப நிலை. மாசாமாசம் என்கிட்ட வரணும்" என்றார் பெண்கள் டாக்டர்.

தன் துறைக்கும் ஏதாவது வேண்டும் என்று தோல் டாக்டர் ஒரு படையைச் சேர்த்தார். எலும்பு டாக்டர் இடது மணிக்கட்டை உடைத்தார். பெரிய டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதயத்தை விட்டுட்டீங்களே" என்றார். அரை மணி நேரத்தில் அந்த வட்டாரத்திலேயே அவ்வளவு நோய் உள்ள ஆள் வேறு யாரும் இல்லை என்றாகிவிட்டது.

"நோயாளியை மரியாதையில்லாம 'மாதிரி'ன்னு எழுதாதீங்க" என்று பெரிய டாக்டர் டோக்கன் அக்காவைக் கண்டித்தார். அன்றிலிருந்து குறிப்பேட்டில் அவர் மாதிரியார் ஆனார்.

அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு கட்டம் இருந்தது. நிர்வாகி அறிவிப்பாளரைப் பார்த்தார். "ஒரு நம்பர் சொல்லுங்க. உங்களோடது வேணாம், நீங்க குழு உறுப்பினர்."

அறிவிப்பாளருக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு எண் மச்சானுடையது. சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் அறிவிப்பாளர் போனபோது கீழ்த்தளத்தில் நாற்பது பேர் டோக்கன் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர்கள் நால்வரும் மேலே தத்தம் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்று போர்ட்டல்களும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு அந்த வாரம் முழுவதையும் மாதிரியாருக்கே ஒதுக்கிவிட்டன. பத்து மணி மாதிரியார். பத்தேகால் மாதிரியார். பத்தரை மாதிரியார், அவசரம்.

"என்ன மனுஷன் இவர்? ஒரு வார்த்தை சொல்லாம வராம இருக்காரு" என்று அலுத்துக்கொண்டார் எலும்பு டாக்டர்.

"டாக்டர், அப்படி ஒருத்தர் கிடையாது" என்றார் அறிவிப்பாளர்.

"அது தெரியும் சார். அதுக்காக முறைன்னு ஒண்ணு இல்லையா? கேள்வி தொண்ணூத்தாறு: 'சிகிச்சைப் படத்தை ஏற்ற முடியுமா?' இன்னைக்கு மாவுக்கட்டுப் படம் ஏத்தியாகணும். நீங்கதானே நோயாளிப் பிரதிநிதி? கையை நீட்டுங்க."

அறிவிப்பாளர் கையை நீட்டினார். சட்டென்று நீட்டியதுதான் தப்பு என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார். படம் நன்றாக வந்தது. கட்டைப் பிரிக்கச் சொன்னபோது எலும்பு டாக்டர் பதறிப்போனார்.

"ஆறு வாரத்துக்கு முன்னாடி பிரிக்கறதா? எலும்பு கூடியிருக்குமா?"

"என் எலும்பு உடையவே இல்லையே டாக்டர்?"

"உங்க எலும்பைப் பத்தி யார் பேசறாங்க?"

மாவுக்கட்டோடு வீட்டுக்குப் போனார். அங்கே மச்சான் காத்திருந்தார். அறிவிப்பாளர் ஒன்றுவிடாமல் சொன்னதை அவர் முழுதாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, குளியலறையில வழுக்கி விழுந்ததைச் சொல்ல வெக்கமா இருந்தா சொல்ல வேணாம். அதுக்காக இப்படி ஒரு ஆளையே உண்டாக்கணுமா?"

"மச்சான், சத்தியமா நடந்துச்சு."

"உங்க சத்தியத்தை நான் நிறுத்துப் பாத்திருக்கேன். கிலோவுக்கு எழுநூறு கிராம்தான் தேறும்" என்றார் மச்சான். "அது கிடக்கட்டும். எனக்கு ஒரு வாரமா கண்ட கண்ட செய்தி வருது. 'மாதிரியார் இன்று மாத்திரை சாப்பிட்டாரா'ன்னு கேக்கறான். யார் இதுன்னு திருப்பி அனுப்பினேன். 'நோயாளிக்கு ஞாபக மறதி, மூளை நிபுணரைப் பார்க்கவும்'னு வருது. ஏதோ மோசடிக் கும்பல். நான் புகார் எழுதிக்கிட்டிருக்கேன்."

எண் கொடுத்த விஷயத்தை அறிவிப்பாளர் அப்போது சொல்லவில்லை. எழுநூறு கிராமும் போய்விடும்.

ஒற்றைக் கையால் துணி மடிக்கத் தொடங்கினார். மச்சான் அதைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, மாப்பிள்ளை துணி மடிக்கிறார்?"

"பழகட்டும் அண்ணா" என்றார் தங்கை, சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துவிட்டபடி.

மச்சான் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

ஏழாவது வாரம் கடைசிக் கூட்டம். இருநூற்றுப் பதினோரு கேள்விகள் முடிந்து மூன்று போர்ட்டல்களும் சமமாக நின்றன. மூன்றிலும் சின்னம் சுழன்றது. மூன்றிலும் ரிசல்ட் தெரியவில்லை. மிச்சம் கடைசிக் கேள்வி: 'நோயாளி இறந்தால் கணக்கை மூட முடியுமா?'

"பாத்துருவோம்" என்றார் நிர்வாகி.

நீலச் சட்டையின் போர்ட்டல், இறந்ததை உறுதிசெய்ய இறந்தவரின் செல்போனுக்கு ஆறு இலக்க எண்ணை அனுப்பியது. அதை அவரே பத்து நிமிடத்துக்குள் போட வேண்டுமாம். பச்சைச் சட்டையின் போர்ட்டல், இறந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டு, பதில் வராமல் நகர மறுத்தது. டை கட்டியவரின் போர்ட்டல் எதையும் கேட்கவில்லை. நான்கே விநாடியில் கணக்கை மூடிவிட்டு, சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தகவல் அனுப்பியது.

பெரிய டாக்டர் முதல் தடவையாகச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். முகம் வெளுத்திருந்தது.

"நம்ம மாதிரியார் போயிட்டாராம்."

தலைவருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர் நிர்வாகி. நிர்வாகி எலும்பு டாக்டரைப் பார்த்தார். எலும்பு டாக்டர் மேஜையைப் பார்த்தார். தோல் டாக்டர் சட்டென்று, "என் களிம்பால இல்ல. படை நல்லா ஆறிக்கிட்டு வந்துச்சு" என்றார். "மணிக்கட்டால யாரும் சாகறதில்ல" என்றார் எலும்பு டாக்டர். பெண்கள் டாக்டர் விரல்விட்டு மாதத்தை எண்ணினார். மூன்று பங்கை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"இதை இப்படியே விடக் கூடாது. எல்லாரும் கீழ வாங்க" என்றார் பெரிய டாக்டர்.

கீழ்த்தளத்தில் டாக்டர்கள், நர்ஸ்கள், டோக்கன் இல்லாத நாற்பது பேர், மூன்று விற்பனையாளர்கள் எல்லோரும் கூடினார்கள். சரியாக அந்த நேரத்தில் வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மச்சான் உள்ளே வந்தார். ஒரு கையில் செல்போன், மறு கையில் நான்கு பக்கப் புகார்.

"யாருய்யா இங்க பொறுப்பு? 'உங்கள் உறவினர் காலமானார், உடைமைகளைப் பெற்றுக்கொள்ள வரவும்'னு எவன் எனக்கு அனுப்பினது?"

பெரிய டாக்டர் ஓடிவந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா அது? தைரியமா இருங்க. எங்களால ஆனதெல்லாம் செஞ்சோம்."

மச்சானுக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய வாழ்க்கையில் அது முதல் தடவை. அதற்குள் பெரிய டாக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

"முப்பது வருஷமா வைத்தியம் பாக்கறேன். இப்படி ஒரு நோயாளியை நான் பாத்ததில்ல. ஒரு நாள்கூட 'எவ்வளவு நேரம் ஆகும் டாக்டர்'னு கேட்டதில்ல. ரிசல்ட் எங்கன்னு வந்து நின்னதில்ல. எந்த மருந்து கொடுத்தாலும் ஏன்னு கேக்கல. வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. எல்லாரும் அவரை மாதிரியே இருந்துட்டா இந்த ஆஸ்பத்திரி எவ்வளவு நல்லா நடக்கும்! எழுந்து நில்லுங்க. ரெண்டு நிமிஷம் மௌனம்."

நாற்பது பேரும் எழுந்தார்கள். ஒரு பாட்டி விசும்பினாள், யாரென்று தெரியாவிட்டாலும். அறிவிப்பாளர் மாவுக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மச்சானும் நின்றார், எல்லோரும் நிற்கிறார்களே என்று.

மௌனம் முடிந்ததும் நிர்வாகி அறிவித்தார்: "துக்கத்தை முன்னிட்டு போர்ட்டல் தேர்வு மூணு மாசம் ஒத்திவைக்கப்படுது."

அறிவிப்பாளர் வரவேற்பு மேஜைக்கு ஓடினார்.

"இன்னும் மூணு மாசமா? அம்மா, அந்த உறை உன் கைக்கு ஒரு முழத்துலதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதா சார்? தினம் அந்த இழுப்பறையைத் திறக்கறவ நான்." டோக்கன் அக்கா குரலைத் தாழ்த்தினார். "சுற்றறிக்கையில ஒரே ஒரு விலக்குதான் இருக்கு. இறந்தவங்க போர்ட்டல் பாக்க முடியாதுங்கறதால, அவங்க ஃபைலை மட்டும் உறவுக்காரங்க கையில கொடுக்கலாம்."

"அப்ப என் மனைவி சாகணுமா?"

டோக்கன் அக்கா மாதிரியாரின் ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்தார். இரண்டாவது இழுப்பறையைத் திறந்தார். நீல மையில் பெயர் எழுதிய உறையை எடுத்து ஃபைலுக்குள் செருகி, கயிற்றால் கட்டினார். உறையின் ஓரம் ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்தது.

"இறந்தவரோட உறவினர் யாருங்க? வந்து கையெழுத்து போட்டு வாங்கிக்கங்க" என்று உரக்கக் கூப்பிட்டார்.

நிர்வாகி பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். படிவத்தில் அச்சடித்திருந்தது: 'காலமானவரை நான் நேரில் அறிவேன். அவர் வாழ்ந்ததும் இறந்ததும் உண்மை.'

மச்சான் அதைப் படித்தார். பேச்சு திரும்பிவிட்டது.

"இல்லாத ஆளை இருந்தான்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? முப்பத்திநாலு வருஷத்துல ஒரு நூறு கிராம் எடைக்கல்லுக்குக்கூட நிறுத்துப் பாக்காம முத்திரை வெச்சதில்ல நான்! என்னால முடியாது."

நிர்வாகி நிற்கும்போது அறிவிப்பாளரால் வாயைத் திறக்க முடியவில்லை. மாவுக்கட்டுக் கையைத் தூக்கி, அதன் நுனியில் எட்டிப் பார்க்கும் விரலால் ஃபைலின் ஓரத்தைத் தொட்டார்.

மச்சான் குனிந்தார். நீல மையில் தங்கையின் பெயரில் பாதி தெரிந்தது.

நிமிர்ந்தார். பேனாவை எடுத்தார். 'வாழ்ந்ததும் இறந்ததும் உண்மை' என்பதன் கீழே, எடைக்கல்லில் முத்திரை அடிப்பதுபோல அழுத்திக் கையெழுத்துப் போட்டார். உறவுமுறை என்ற இடத்தில் 'மிக நெருக்கம்' என்று எழுதினார்.

"ரொம்ப நாள் கூட இருந்தாரோ?" என்றார் நிர்வாகி, அனுதாபமாக.

"சின்ன வயசுலேர்ந்து" என்றார் மச்சான். அவர் வாயால் சொன்ன முதல் பொய் அதுதான். அதுகூடப் பொய்யில்லை, தங்கையை நினைத்துச் சொன்னது.

வெளியே படிக்கட்டில் நின்று உறையைக் கிழித்தார்கள். மச்சான்தான் படித்தார். முதலில் ஒரு தடவை. பிறகு தேதி, முத்திரை, கையெழுத்து எல்லாவற்றையும் சரிபார்த்து இன்னொரு தடவை. அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. சாதாரணக் கட்டியாம். பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்லையாம்."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

வீட்டில் மனைவி காகிதத்தைப் படித்தார். நான்காக மடித்து இடுப்பில் செருகினார். துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்த கணவரைத் தோளால் இடித்தார்.

"தள்ளுங்க அந்தப் பக்கம். ஏழு வாரமா துவைக்கறேன் துவைக்கறேன்னு வெள்ளைத் துணியெல்லாம் ஊதாவாக்கி வெச்சிருக்கீங்க."

இதுதான் கதை. அறிவிப்பாளர் பெஞ்சில் சாய்ந்து, ரயில் வந்து நின்றதுபோல மூச்சு விட்டார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "யோவ், நான் நாப்பது வருஷம் கடுதாசி கொடுத்தவன். செத்தவன் பேருக்கு வந்த கடுதாசிய பாத்திருக்கேன். பிறக்காதவன் பேருக்கு வந்து பாத்ததில்ல. சார், நீங்க சொல்லுங்க, இதுல ஏதாவது உண்மை உண்டா?"

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எங்க மாப்பிள்ளை சொன்னதுல அளவுக் குறைவு ஒண்ணு இருக்கு."

"அப்படிச் சொல்லுங்க!" என்று துள்ளினார் தபால்காரர்.

"ரெண்டு நிமிஷ மௌனம்னாங்க. ஒரு நிமிஷம் நாப்பது செகண்டுலயே முடிச்சுட்டாங்க. நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்." மச்சான் எழுந்து வேட்டியை உதறினார். "இருபது செகண்டு பாக்கி. மத்ததெல்லாம் நடந்ததுதான்."